ஜிம்மி ஏன் சொறிகிறான்?

ராத்திரி இரண்டு மணி. 'டொக்... டொக்... டொக்... டொக்...'

கீழ் போர்ஷனிலிருந்து ஹவுஸ் ஓனர் எழுந்து மாடிக்கே வந்துவிட்டார். ஒரு கையில் டார்ச் லைட், இன்னொரு கையில் அவிழ்ந்து கொண்டிருந்த லுங்கி.

"ஏன் தம்பி, இந்த நேரத்துல யாரு மிளகாய் இடிக்கிறது?"

"யாரும் இடிக்கலை சார். ஜிம்மி சொறிஞ்சுக்கறான்."

டார்ச் வெளிச்சம் வராந்தா மூலைக்குப் போனது. எங்கள் ஜிம்மி உட்கார்ந்த வாக்கில் பின்னங்காலைத் தூக்கிக் காதை விளாசிக்கொண்டிருந்தான். கால் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் முட்டி தரையில் மோதி, 'டொக்'. டார்ச்சைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி, மரியாதைக்கு வாலை ஆட்டிவிட்டு, மறுபடி வேலையில் இறங்கிவிட்டான்.

"நாய் சொறியறதுக்கெல்லாம் நான் வாடகை குறைச்சு வாங்கலையே!" என்று சொல்லிவிட்டு ஹவுஸ் ஓனர் இறங்கிப் போனார். போகும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டே போனார். அதை நான் அப்போது பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மி எந்த உயர்சாதியும் இல்லை. சுத்தமான மேற்கு மாம்பலம் தெருநாய். ஒரு மழை நாளில் ரேஷன் கடை வாசலில் நனைந்துகொண்டிருந்த குட்டியை என் மனைவி சர்க்கரைப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக நாங்கள் மூன்று பேர்.

முதலில் காது ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி உதிர்ந்தது. அப்புறம் முழங்கை. அப்புறம் வயிற்றடி. ஒரு மாசத்தில் ஜிம்மி, பாதி பெயின்ட் அடித்து விட்டுப்போன சுவர் மாதிரி ஆகிவிட்டான்.

ஆளுக்கொரு வைத்தியம்

ஆபீஸில் சொன்னது என் தப்பு. நம் நாட்டில் நாய்க்குச் சொறி என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன இடத்தில் ஐந்து பேர் இருந்தால் ஆறு வைத்தியர்கள் கிடைப்பார்கள்.

"உப்பு சார், உப்பு! சோத்துல உப்பு போடறீங்க இல்ல? அதான்" என்றார் அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரர். மாமனாரும் போனில் அதையே சொன்னார். மாமனாரும் அக்கவுண்ட்ஸும் ஒரே கருத்தில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, பத்து நாள் உப்பில்லாத சாதம் வைத்தேன். ஜிம்மி தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சாப்பிட்டான். சொறிந்தான்.

அடுத்தது எங்கள் மெடிக்கல் ஷாப். "உங்களுக்கு வந்தா இதைத்தானே சார் போடுவீங்க? நாய்க்கும் போடுங்க" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்று மருந்து கலந்த களிம்பு. போட்ட மூன்றாம் நாள் சிவப்பு குறைந்தது. ஆகா என்றேன். எட்டாம் நாள் முதுகு முழுக்கப் பரவியிருந்தது.

கடைசியாக டெஸ்பாட்ச் கிளார்க் காதோடு சொன்னார்: "வண்டியில வடிக்கிற பழைய இன்ஜின் ஆயில் இருக்கே, அதைத் தடவிப் பாருங்க. எங்க ஊர்ல எல்லா நாய்க்கும் அதான்."

மெக்கானிக் ஷாப்பில் ஓசியாகவே கொடுத்தார்கள். ஓசியில் கிடைக்கும் மருந்தைப் பற்றி நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தலை முதல் வால் வரை கறுப்பாகப் பூசினேன். பூசி முடித்த அடுத்த விநாடி ஜிம்மி உடம்பை ஒரு உதறு உதறினான். என் சட்டை, என் முகம், பொங்கலுக்கு வெள்ளையடித்த ஹவுஸ் ஓனரின் மாடிப்படிச் சுவர், எல்லாம் புள்ளி வைத்த கோலம்.

அன்று ராத்திரி 'டொக் டொக்' சத்தம் இல்லை. ஜிம்மி உடம்பை நக்கி நக்கி எண்ணெயை முழுங்கியிருந்தான். விடிய விடிய வாந்தி. என் மனைவி அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலையில் சுவரைப் பார்த்த ஹவுஸ் ஓனர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பதினஞ்சு நாள் டைம். ஒண்ணு நாய் போகணும், இல்லேன்னா நீங்க போகணும்."

மீட்டிங்கில் ஒரு சொறி

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம். எனக்கும் அரிக்க ஆரம்பித்தது! இடுப்பைச் சுற்றி, முன்னங்கையில், சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள். ராத்திரியானால் தாங்காது. மனைவிக்கும் அதேதான், கையிலும் வயிற்றிலும்.

ஆபீஸில் மாதாந்திர ரிவ்யூ மீட்டிங். மேனேஜர் டார்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு பெல்ட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் உயிர் போகிறது. பேனாவால் நாசூக்காகச் சொறிந்தேன். போதவில்லை. ஸ்கேலை எடுத்தேன். பக்கத்திலிருந்தவர் நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொண்டார். அதற்கு அடுத்தவர் ஒரு அடி. பத்து நிமிஷத்தில் அந்த நீளமான மேஜையின் ஒரு பக்கம் முழுக்க எனக்கே சொந்தமாகிவிட்டது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லேன்னா லீவ் போடலாமே" என்றார் மேனேஜர். எட்டு வருஷ சர்வீஸில் அவராக லீவ் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். என் மனைவி இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவள். ஆகவே இந்த இதழ் வெளியாகிற அன்று நான் ஆபீஸிலிருந்து லேட்டாகத்தான் வீடு திரும்புவேன்.

ஜிம்மியைக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்பதே அந்த முடிவு. எலியட்ஸ் பீச் பக்கம் மீன்காரர்கள் இருக்கிறார்கள், எதையாவது போடுவார்கள், பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் "வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினேன்.

முதல் மூன்று ஆட்டோக்காரர்கள் ஜிம்மியைப் பார்த்ததுமே வேகமாகப் போய்விட்டார்கள். நாலாவது ஆட்டோ நின்றது. வயசான டிரைவர். ஜிம்மியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், சொறியா? வேப்பேரி ஆஸ்பத்திரிக்கா? ஏறு, ஏறு. பாவம், வாயில்லா ஜீவன். கூட்டினு போற பாரு, நீ நல்லா இருப்பே."

'இல்லீங்க, பீச்சில் விடப் போகிறேன்' என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

"ஆமாங்க, வேப்பேரி" என்றேன்.

ஜிம்மி வழி நெடுக ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு வெகு சந்தோஷம்.

(பிற்பாடு தெரிந்துகொண்டேன். வளர்த்த பிராணியைப் பசியும் தாகமுமாகத் தவிக்க விட்டுவிட்டு வருவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை இயற்றியபோது முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய் என்று எழுதினார்கள். அதாவது ஒரு நாயைக் கைவிடுவதற்கு ஆகும் அபராதம், அதைக் கைவிடப் போகிற ஆட்டோ சார்ஜைவிடக் கம்மி!)

வேப்பேரியில்

மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து, வேப்பேரிக்குக் குடிவந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சென்னை நகரத்துக் குதிரை, மாடு, நாய், பூனை, கிளி எல்லாம் பார்த்துவிட்ட இடம்.

வரிசையில் எனக்கு முன்னால் கழுத்தில் மணி கட்டிய ஒரு ஆடு. பின்னால் ஏஸி காரில் வந்த லாப்ரடார். பக்கத்தில் கூடையோடு ஒரு காலேஜ் பையன். கூடைக்குள் வெள்ளை பெர்ஷியன் பூனை. பூனைக்குத் தலையில் வட்டமாக முடி இல்லை. பையனின் கழுத்தில் அதே சைஸில் ஒரு சிவப்பு வட்டம். பூனையின் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி.

எங்கள் முறை வந்தது. இளம் வயது லேடி டாக்டர். என்னை ஒன்றும் கேட்காமல் முதலில் ஜிம்மியின் காது நுனியை மடித்து இரண்டு விரலால் லேசாகத் தேய்த்தார். அவ்வளவுதான், ஜிம்மியின் பின்னங்கால் தானாக சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிட்டது!

"வீட்ல உங்களுக்கும் அரிக்குதா?"

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"உள்ளே வந்ததுலேர்ந்து நீங்க மூணு தடவை சொறிஞ்சிட்டீங்க. ஜிம்மி ரெண்டு தடவைதான்."

ஒரு பிளேடில் சொட்டு எண்ணெய் தொட்டு, காது ஓரத்தில் லேசாக ரத்தம் கசிகிற வரைக்கும் சுரண்டி, அதைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "வந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். உருண்டையாக, குட்டைக் கால்களோடு, நண்டுக்கும் பூசணிக்காய்க்கும் பிறந்த மாதிரி ஒரு ஜந்து அசைந்துகொண்டிருந்தது. இதற்காகத்தான் பத்து நாள் உப்பை நிறுத்தியிருந்தேன்!

"இது சார்காப்டிஸ். நம்ம பாஷையில சொறிப்பூச்சி. பெண் பூச்சி தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி, உள்ளே முட்டை போட்டுக்கிட்டே போகும். முட்டை பொரிஞ்சு பெரிசாகி அடுத்த தலைமுறை தயாராக ரெண்டு மூணு வாரம். அது உள்ளே குடித்தனம் நடத்தும்போது நீங்க மேலே மஞ்சளும் வேப்பிலையும் பூசினா, வீட்டுக்கு வெளியில பெயின்ட் அடிச்ச மாதிரிதான்."

"இன்ஜின் ஆயில்..." என்று இழுத்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாயோட தோல் நம்ம தோலைவிட மெலிசு சார். ஆயில்ல இருக்கிற விஷமெல்லாம் தோல் வழியாவும் போகும், நக்கும்போது வயித்துக்குள்ளேயும் போகும். லிவர், கிட்னி ரெண்டையும் கெடுக்கும். சொறியால நாய் சாகறது கம்மி. சொறி வைத்தியத்தால நிறைய போயிருக்கு."

அந்த வாந்தி ராத்திரியும், தரையில் உட்கார்ந்திருந்த மனைவியும் கண் முன்னால் வந்தார்கள். "ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாமா மேடம்?" என்று நானே கேட்டேன். பண்ணினார். நல்லவேளை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

சொறியில் எத்தனை சொறி!

'சொறி' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். டாக்டர் விளக்கியதையும் அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மிக்கு வந்தது தொத்துகிற சொறி. நாய்க்கு நாய் பரவும், மனுஷனுக்கும் வரும். ஆனால் நம் உடம்பில் அந்தப் பூச்சியால் வம்சம் வளர்க்க முடியாது. நாய்க்குச் சரியானால் நமக்கும் கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும். அரிப்பு ரொம்பப் படுத்தினால் தோல் டாக்டரிடம் காட்டி, 'வீட்டில் நாய்க்குச் சொறி' என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு சொறிக்கு டெமோடெக்ஸ் என்று பெயர். சுருட்டு மாதிரி நீளமான பூச்சி. இது கிட்டத்தட்ட எல்லா நாய் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. பிறந்த சில நாளில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து ஒட்டிக்கொள்வது. எதிர்ப்புச் சக்தி குறைகிற சமயம் பார்த்துப் பெருகும். குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றி, வாய் ஓரத்தில் முடி உதிரும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. இது நமக்குத் தொத்தாது. ஒன்றிரண்டு இடத்தோடு நின்றால் பல குட்டிகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டால் மட்டும் கொண்டாட்டமாகப் பரவும். நான் வாங்கிய மூன்று மருந்து டியூபில் ஒரு மருந்து ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தியை அது அமுக்கிவிடுவதால் சிவப்பு போகும், பூச்சிக்கு ரூட் கிளியர் ஆகும்.

பெர்ஷியன் பூனைக்கு வந்தது படர்தாமரை. இது பூச்சியே இல்லை, பூஞ்சைக் காளான். டாக்டர் அறையை இருட்டாக்கி ஒரு ஊதா விளக்கைக் காட்டினார். வுட்ஸ் லாம்ப். பூனையின் தலையில் முடிகள் ஆப்பிள் பச்சையில் பளபளத்தன! எல்லாப் படர்தாமரையும் இப்படி ஒளிராது. சந்தேகம் இருந்தால் முடியை எடுத்து கல்ச்சர் வைத்துப் பார்ப்பார்கள். வாய் வழி மருந்து, மேலுக்கு மருந்துக் குளியல், இரண்டும் வாரக் கணக்கில் தொடர வேண்டும். உதிர்ந்த முடியில் இருக்கும் காளான் விதை ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும் என்பதால் வீட்டைப் பெருக்கித் துடைப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி. காலேஜ் பையனின் முகம் வெளிறியது. நோயைவிட, வீட்டைப் பெருக்கச் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வால் அடியிலும் இடுப்பிலும் மட்டும் முடி கொட்டினால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்பட வேண்டும். சில நாய்களுக்கு அதன் எச்சிலே அலர்ஜி; ஒன்றிரண்டு கடியே போதும். இதற்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கிறது. பேன் சீப்பால் சீவி, விழும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். பழுப்புச் சிவப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதாவது உங்கள் நாயின் ரத்தம். நாயின் மேல் நாம் பார்க்கும் பூச்சிகள் மொத்தத்தில் 5 சதவிகிதம்தான் என்பது கணக்கு. பாக்கி 95 சதவிகிதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயில், சோபாவில், தரை இடுக்கில் இருக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால், கட்சிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டுக் கட்சி ஆபீஸை விட்டு வைத்த கதைதான்.

உண்ணி இன்னும் ஆபத்து. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் இடுக்கில், கதவு நிலைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அரிப்பைவிட அது கொண்டுவரும் காய்ச்சல்தான் பயம். நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உண்ணியைத் தீக்குச்சியால் சுடாதீர்கள், மண்ணெண்ணெய் விடாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

பூச்சியும் இல்லை, காளானும் இல்லை, ஆனால் வருஷம் பூரா அரிப்பு என்றால் அலர்ஜியாக இருக்கலாம். தூசி, புல், மகரந்தம் ஒரு வகை. சாப்பாடு இன்னொரு வகை. சிக்கனும் மாட்டிறைச்சியும் பாலும் அடிக்கடி மாட்டுகிற குற்றவாளிகள். கண்டுபிடிக்க ஒரே வழி, இதுவரை சாப்பிடாத ஒரு புது உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் மாமியார் பாசத்தோடு ஒரு பிஸ்கட் போட்டால் பரீட்சை ஃபெயில், மறுபடி முதலிலிருந்து!

உப்பு? "சொறிக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. அதுக்காக நாய்க்கு ஊறுகாய் போடணும்னு அர்த்தமில்லை. உப்பைவிட வெங்காயத்துக்குத்தான் பயப்படணும், அது நாய்க்கு ரத்த சோகை கொண்டுவரும்" என்றார் டாக்டர். அக்கவுண்ட்ஸ் செக்ஷனுக்கு இதை ஆபீஸ் நோட்டாகவே போட்டு அனுப்பினேன்.

ஒரு மாத்திரையின் கதை

சொறிக்கு வைத்தியம் முன்னெல்லாம் வாராவாரம் அமிட்ராஸ் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பது. அப்புறம் ஐவர்மெக்டின் வந்தது. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த கிருமியில் பிறந்த மருந்து. அதற்காக ஒமுரா சடோஷிக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அது நோபல் பரிசு வாங்கிய மருந்தே தவிர, நாமாக மாட்டு ஊசி வாங்கிக் கண்ணளவில் போடுகிற மருந்து இல்லை. கோலி மாதிரியான சில ஜாதி நாய்களின் மரபணுவில் ஒரு குறை உண்டு. அவற்றுக்கு இந்த மருந்து அளவு மீறினால் மூளைக்குப் போய்ப் படுக்கையில் தள்ளிவிடும்.

2013, 2014 வாக்கில் ஒரு புது மாத்திரைக் குடும்பம் வந்தது. ஃப்ளூரலானர், அஃபோக்ஸோலானர், சரோலானர் என்று ஏதோ ரஷ்ய நாவல் கதாபாத்திரங்கள் மாதிரிப் பெயர்கள். மென்று தின்கிற மாத்திரை. மருந்து ரத்தத்தில் கலந்துவிடும், கடிக்கிற உண்ணியும் தெள்ளும் செத்துப்போகும், சொறிப்பூச்சிக்கும் கேட்கிறது. சிலது மாசம் ஒன்று, சிலது மூன்று மாசத்துக்கு ஒன்று. வலிப்பு வருகிற நாயாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் ஜிம்மியை எடை போட்டு, அதற்கேற்ற மாத்திரை எழுதினார். சொறிந்து புண்ணான இடத்தில் சீழ் பிடித்திருந்ததால் ஆன்டிபயாடிக். மருந்து ஷாம்பு. ஜிம்மியின் படுக்கை, கழுத்துப் பட்டை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில்.

"புண் ஆறிடுச்சுன்னு நடுவில நிறுத்திடாதீங்க. நான் நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்தணும்."

மாத்திரை விலையைக் கேட்டதும் எனக்கே கொஞ்ச நேரம் அரிப்பு நின்றது. ஆனால் களிம்பு, ஷாம்பு, சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்கிற செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் முதல் நாளே டாக்டரிடம் வந்திருந்தால் லாபத்தில் இருந்திருப்பேன். நானும் ஆபீஸில் கணக்கெழுதுகிறவன்தான். வீட்டுக் கணக்குதான் வருவதில்லை.

கிளம்பும்போது பெர்ஷியன் பையனிடம் டாக்டர் சொன்னது எல்லாப் பூனைக்காரர்களுக்கும்: "நாய்க்கு விக்கிற உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டுடாதே. பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு விஷம். காய்ச்சல்னு பாரசிட்டமால் கொடுத்தாலும் விஷம்."

பத்து நிமிஷம்

மருந்துக் குளியலில் ஒரு ரகசியம் இருக்கிறது. ஷாம்பு போட்டு உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. பத்து நிமிஷம் நுரையோடு நிற்க வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்யும்.

பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நுரை போட்ட நாயை ஒரு பாத்ரூமில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மூன்றாவது நிமிஷம் ஜிம்மி ஒரு உதறல். ஐந்தாவது நிமிஷம் என் தலையிலும் நுரை. ஏழாவது நிமிஷம் மனைவி கடிகாரத்தோடு கதவருகே நின்று, "இன்னும் மூணு நிமிஷம், ரெண்டு பேரும் ஆடாம நில்லுங்க" என்றாள். அவள் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முதல் வாரம் முடிவதற்குள் 'டொக் டொக்' பாதியாகக் குறைந்தது. மூன்றாவது வாரம் எங்கள் இரண்டு பேருடைய அரிப்பும் போயே போய்விட்டது. மீட்டிங்கில் நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்தன. இரண்டாவது மாசம் ஜிம்மியின் காதில் பூனை மயிர் மாதிரி மெல்லிசாக முடி முளைத்தது. என் மனைவி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

பதினைந்து நாள் கெடு? சொல்கிறேன்.

கெடு முடிகிற அன்று ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கினேன். படிக்கட்டில் இருட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஹவுஸ் ஓனர்! மடியில் ஜிம்மியின் தலை. கையில் பால் பிஸ்கட். "தின்னுடா ராஜா. அந்தப் பயலுக்கு உன்னைப் பார்த்துக்கத் துப்பில்லை" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். 'அந்தப் பயல்' நான்தான்.

என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தார். பிஸ்கட் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"தம்பி... அது வந்து... சத்தத்தையே காணோமேன்னு பார்க்க வந்தேன்."

"மருந்து கொடுத்திருக்கோம் சார். நல்லாயிட்டு வரான்."

"சரி, சரி. இருந்துட்டுப் போகட்டும். சுவருக்கு மட்டும் வெள்ளையடிச்சுக் கொடுத்துடுங்க."

அப்போதுதான் கவனித்தேன். முண்டா பனியனோடு நின்றவரின் இரண்டு முன்னங்கையிலும், முழங்கையிலும் அதே சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள். ஜிம்மியைத் தொட்டுப் பழகினவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பொரிகள். மாசக்கணக்கில் ராத்திரி பிஸ்கட் போயிருக்கிறது!

"சார், கையில என்ன அது?"

ஹவுஸ் ஓனர் முழங்கையை ஒரு தடவை ஆசை தீரச் சொறிந்தார். ஜிம்மி வாலை ஆட்டினான்.

"கொசு" என்றார்.